‘எல்லாம் புரியுது, பேச்சுதான் வரல’

குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து, இரண்டே கால் வயதுப் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓர் ஆயா என்னிடம் வந்தார். குழந்தையின் தாய் ஷூ கம்பெனி வேலைக்குக் காலை ஏழு மணிக்கே வேன் ஏறிவிடுவதால், பேரனைக் குளிப்பாட்டுவது முதல் தூங்க வைப்பது வரை எல்லாம் ஆயாதான். “இவனுக்கு எல்லாம் புரியுதும்மா, பேச்சுதான் வரல. இவங்கப்பனும் மூணு வயசு முடிஞ்சுதான் வாயத் தொறந்தான். என் மருமவதான் பயப்படுறா” என்றார். பேச்சு, கேட்டல் பயிற்சியாளராக வேலூரில் பணிபுரியும் எனக்கு, இந்த மூன்று வாக்கியங்களும் கேட்டுப் பழகியவை. (குடும்பத்தின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

“எல்லாம் புரிகிறது” என்பது உண்மைதானா என்று நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தோம். “செருப்ப எடுத்தாடா கண்ணு” என்று ஆயா சொன்னதும் பையன் ஓடிப்போய் எடுத்து வந்தான். ஆனால் அதைச் சொல்லும்போது ஆயாவின் கண்ணும் கையும் கதவோரம் கிடந்த செருப்பின் பக்கம் திரும்பியதை அவர் அறியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, பேரனின் முகத்தை மட்டும் பார்த்து, “பந்து எங்கே?” என்று கேட்கச் சொன்னேன். அவன் ஆயாவின் கையைப் பார்த்தான், பிறகு கண்ணைப் பார்த்தான், அங்கே துப்பு எதுவும் கிடைக்காததால் அப்படியே நின்றான். பந்து அவனுக்குப் பின்னால் ஓரடி தூரத்தில் கிடந்தது.

பேச்சு தாமதமாகும் குழந்தைகளின் வீடுகளில், எத்தனை வார்த்தை பேசுகிறான் என்ற கணக்குதான் ஓயாமல் நடக்கிறது. நான் முதலில் கேட்பது வேறு மூன்று கேள்விகள்: குழந்தைக்குக் காது முழுமையாகக் கேட்கிறதா, சைகையின் துணையில்லாமல் சொல் புரிகிறதா, வேண்டியதைக் குழந்தை ஏதாவதொரு வழியில் கேட்கிறதா. விரல் நீட்டிக் காட்டுவதும், கையைப் பிடித்து இழுத்துப்போவதும், பொருளைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பதும் கேட்பதுதான். ஒரு சொல்கூடப் பேசாவிட்டாலும் இவை மூன்றும் நன்றாக இருக்கும் குழந்தையைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. பத்துச் சொல் பேசினாலும் இவற்றில் குறையிருந்தால் கவலை கூடுதல்.

இவற்றில் காதுக்குத்தான் முதலிடம். இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தையை அழைத்து வந்தார்கள். தட்டு விழுந்தால் திரும்புகிறாள், மிக்ஸி ஓடினால் அழுகிறாள், அதனால் காதில் குறையே இல்லை என்று வீட்டார் உறுதியாக நம்பினார்கள். முன்பு பார்த்த ஒரு மருத்துவரும் மூன்று வயது வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பரிசோதித்தபோது, கனத்த ஓசைகள் அவளுக்குக் கேட்டன; ச, த, க போன்ற மெய்யொலிகள் அடங்கியிருக்கும் மெல்லிய, உயர்ந்த ஓசைகள் கேட்கவில்லை. வீட்டில் பேசியதெல்லாம் அவளுக்குச் சுவருக்கு அப்பாலிருந்து வரும் முணுமுணுப்பாகவே இரண்டரை ஆண்டுகள் கேட்டிருக்கிறது. காது மெஷின் பொருத்திய பிறகு அவள் பேசத் தொடங்கினாள் என்றாலும், இழந்த அந்த மாதங்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. பிறந்து ஒரு மாதத்துக்குள் காதுச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் கால அளவு.

பிறந்தபோது செய்த சோதனையில் தேறிவிட்டது என்பதால் அந்தக் கேள்வி முடிந்துவிடாது. சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கினால், அது வடியும் வரை கேட்கும் திறன் கூடியும் குறைந்தும் இருக்கும். குறைமாதத்தில் பிறந்தவை, இன்குபேட்டரில் நாட்கணக்கில் இருந்தவை, மஞ்சள் காமாலை முற்றி இரத்தம் மாற்றப்பட்டவை, மூளைக்காய்ச்சல் வந்தவை ஆகிய குழந்தைகளுக்கு, மேலோட்டமான சோதனையோடு நிற்காமல், காது நரம்பு வரை பார்க்கும் பெரா (BERA) சோதனையும் செய்துவிட வேண்டும். அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில் பரம்பரையாக வரும் காதுக் குறை கூடுதலாகக் காணப்படுகிறது. இதை நான் யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் காதுச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். பெரா சோதனையில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. குழந்தை தூங்கும்போது தலையிலும் காதோரத்திலும் சிறு வில்லைகளை ஒட்டி, ஓசைக்கு நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் குழந்தையை வழியில் தூங்கவிடாமல், களைப்போடு அழைத்து வருவது நல்லது.

வயதுக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வரும். இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொற்களும், ‘அம்மா வா’, ‘பால் வேணா’ என்று இரு சொல் சேர்த்துப் பேசுவதும் வர வேண்டும். ஒரு வயதில் மழலையோ கைச்சைகையோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் தானாக இரு சொல் சேர்க்கவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும். எந்த வயதிலானாலும், பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணைப் பாராமை, பிடித்ததை விரல் நீட்டிக் காட்டாமை ஆகியவை பேச்சின்மையோடு சேர்ந்திருந்தால், ஆட்டிசம் இருக்குமா என்பதையும் வளர்ச்சி மருத்துவர் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து போய்விடும் தந்தையரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அச்சமும் எனக்குப் புரிகிறது. பெயர் என்னவாக இருந்தாலும், பயிற்சி முன்கூட்டித் தொடங்கினால் பயன் குழந்தைக்குத்தான்.

“அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்பதில் உண்மையில்லாமல் இல்லை. இரண்டு வயதில் பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைகளில் பலர் பள்ளிக்குப் போவதற்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பின்தங்கும் என்பதை இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காது கேளாமல் பேசாதிருக்கும் குழந்தையும், தானே பேசிவிடப்போகும் குழந்தையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும் என்பதும் இப்படித்தான். வேறுபாடு சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ இருக்கலாம், ஓராண்டு இருக்காது.

நாக்கில் தேன் தடவுவதையும் வசம்பு உரைத்துக் கொடுப்பதையும் பாசத்தோடுதான் செய்கிறார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால், தசைகளைத் தளரச் செய்து மூச்சையே பாதிக்கும் பொட்டுலிசம் என்ற நோய் வரக்கூடும். வசம்பைக் குடித்த குழந்தைக்கு வாந்தி எடுக்கலாம். இரண்டினாலும் பேச்சு வந்ததில்லை. நாக்கின் அடி ஒட்டியிருப்பதால் பேசவில்லை என்று அறுத்துவிடக் கேட்டு வருவோரும் உண்டு. அந்த ஒட்டு தாய்ப்பால் குடிப்பதைத் தடுக்கலாம், சில எழுத்துகளின் உச்சரிப்பைக் கெடுக்கலாம். குழந்தையைப் பேசாமலே இருக்கச் செய்யாது. பழத்தைப் ‘பயம்’ என்று சொல்லும் இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். ழ, ற போன்ற ஒலிகள் கடைசியாக வருபவை.

நம் பகுதிக்கே உரிய ஒரு குழப்பமும் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருது, காட்பாடியைத் தாண்டினால் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், நர்சரியில் ஆங்கிலம். இத்தனை மொழி கேட்டதால்தான் குழந்தை குழம்பிவிட்டது, ஒரே மொழியில் பேசுங்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, தனக்குத் தெரியாத ஆங்கிலத்தில் “கம், ஈட், சிட்” என்று பேரனிடம் பேசிய ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. சொற்களை எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். ‘பானி’யும் ‘தண்ணி’யும் இரண்டு சொற்கள். எந்த மொழியில் உங்களுக்குக் கொஞ்சவும் கோபிக்கவும் வருமோ, அந்த மொழியிலேயே குழந்தையிடம் பேசுங்கள். பூ, பால், வா, தா, போ என்று ஓரசையிலேயே வாழ்க்கைக்கு வேண்டிய சொற்கள் தமிழில் இருப்பது பேச்சு தொடங்கும் குழந்தைக்குப் பெரிய வசதி. ‘மம்மு’, ‘ஜோஜோ’ என்ற மழலைச் சொற்களிலும் தவறில்லை. உதடும் நாக்கும் எளிதில் பழகும் ஒலிகள் அவை.

செல்போனைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம் என்றும், அதன் பிறகு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. போன் மட்டுமே பேச்சைத் தடுத்துவிட்டது என்று நான் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் உழைத்துக் களைத்த தாயின் தலையில் பழியை ஏற்றிவிட்டு, காதைச் சோதிக்காமலே விட்டுவிடுவோம். ஆனால் திரையில் வரும் பொம்மை, குழந்தையின் பதிலுக்காக நிற்பதில்லை. சாப்பிடும் வேளையில் போனை எடுத்துவிட்டால் மூன்று நான்கு நாள் அழுகை இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேரனோடு வந்த அந்த ஆயாவுக்கு நான் கொடுத்த முதல் பயிற்சி, ஒரு முறுக்கு டப்பா. பையன் சமையலறைப் பக்கம் பார்த்தாலே போதும், ஆயா டப்பாவைத் திறந்து முறுக்கைக் கையில் வைத்துவிடுவார். அவன் கேட்பதற்கு அங்கே இடமே இல்லை. மூடியை இறுக்கமாக மூடி டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொன்னேன். அவன் மூடியை இழுத்தான், டப்பாவைத் தரையில் தட்டினான். ஆயாவின் கை தானாக நீண்டது. நான் மெல்லப் பிடித்துக்கொண்டேன். டப்பாவை அவர் மடியில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து “தெ” என்றான். “தொற! ஆயா தொறக்கறேன்!” என்று சொல்லி உடனே திறந்து கொடுக்க வேண்டும், ‘தொறன்னு சரியாச் சொல்லு’ என்று வற்புறுத்திக் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது.

இதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வந்தால் அதன் காம்பைத் தொடவிட்டு “முள்ளு… குத்துது” என்று சொல்லலாம். குளிக்கும்போது தண்ணீர், சோப்பு, முதுகு. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து நண்டு ஊர விடும் விளையாட்டில், கடைசி விரலுக்கு முன் ஒரு நொடி நிறுத்திக் காத்திருத்தல். குழந்தை ஒரு சொல் சொன்னால் நாம் அதில் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ‘பஸ்’ என்றால் ‘பஸ் போவுது’. “இது என்ன? அது என்ன?” என்று கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் பீடி சுற்றும் தாய்மார், புகையிலைத் தூள் குழந்தைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டு, இலை நறுக்கும்போதும் நூல் கட்டும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே இருந்தாலே போதும்.

செலவை எண்ணித் தயங்க வேண்டாம். குழந்தைகள் நலனுக்கான ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். உங்கள் அங்கன்வாடி ஆசிரியரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லி, குழந்தையின் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ நேரடியாகவும் காட்டலாம். காது மெஷினாலும் பயனில்லாத அளவு குறையிருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டோருக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதில் கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அந்த வயது வரம்பும் தள்ளிப்போடாதிருக்க ஒரு காரணம்.

வரும்போது பிறந்த நேரத்து டிஸ்சார்ஜ் அட்டை, தடுப்பூசிப் புத்தகம், இதுவரை எடுத்த சோதனைகளின் தாள்கள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. அதனால் வீட்டில் குழந்தை விளையாடும்போதும், எதையாவது கேட்கும்போதும், தெரியாமல் இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து வாருங்கள். குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்பவர் ஆயாவோ நானியோ அவ்வாவோ யாராக இருந்தாலும், அவரையும் கூடவே அழைத்து வாருங்கள்.