டிரம்மில் எரியும் டீசல்

காசிமேட்டில் விடிவதற்குள் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பும் பிக்கப் வண்டிகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். உருகிய ஐஸ் தண்ணீர் பின்கதவு இடுக்கு வழியாக ஒழுகி, பின்சக்கரத்தின் மேலேயே சொட்டிக்கொண்டு போகும். அந்த உப்புத் தண்ணீருக்கும் டேங்கில் டீசல் சீக்கிரம் தீர்வதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 9-க்கு இறங்கிவிட்டால், எடுத்த எடுப்பில் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்வதுதான் வழக்கம். செலவு அதிகம் பிடிக்கும் அந்த வேலை கடைசியில் வரவேண்டியது.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் நல்ல நிலையில் ஓடும்போதே அதில் 30 சதவீதம் அளவுதான் சக்கரத்துக்கு வரும்; மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போய்விடும். ஆக, கைக்குக் கிடைப்பது லிட்டருக்கு ஏறக்குறைய 11 மெகாஜூல். இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டால் போதும், எந்தக் கோளாறு எத்தனை மில்லி குடிக்கிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சுமையோடு 3 டன் இருக்கும் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 185 கிலோஜூல். ஒருமுறை பிரேக் அடித்து நிறுத்தினால் அத்தனையும் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போகும். மறுபடி அதே வேகத்துக்கு வர 17 மில்லி டீசல், கிட்டத்தட்ட ஒரு பாலாடை அளவு. மூலக்கடையிலிருந்து பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் இருபது தடவை நின்றால் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அப்படியே போயிற்று. இதற்கு மெக்கானிக் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் முதல் வேலை, மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று அளப்பது. ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டு முள்ளைப் பார்ப்பது அளவே அல்ல. டேங்கை நிரப்பி, டீசல் போடும் துப்பாக்கி தானாக நிற்கும் இடத்தில் நிறுத்தி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். டீசல் நுரைக்கும் என்பதால் துப்பாக்கி சில நேரம் முன்னதாகவே நின்றுவிடும்; ஒரு லிட்டர் வரை கணக்கு தப்பலாம். பத்து லிட்டர் போட்டு அளந்தால் அந்தத் தப்பு 10 சதவீதம், நாற்பது லிட்டர் போட்டு அளந்தால் இரண்டரை சதவீதம். ஆகவே ஒரே பங்க், ஒரே துப்பாக்கி, மூன்று முறை நிரப்பியதன் சராசரி. பங்கின் மேல் சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். எல்லா பங்கிலும் அது இருக்கவேண்டும், 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக்கூடாது. டயர் அளவை மாற்றியிருந்தால் ஓடோமீட்டரும் பொய் சொல்லும். பெரிய டயர் போட்டால் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும், மைலேஜ் விழுந்த மாதிரி தெரியும். போன் ஜிபிஎஸ்ஸை வைத்து 10 கிலோமீட்டர் ஓட்டி ஒப்பிட்டால் குட்டு உடைந்துவிடும்.

அளந்தும் குறைவுதான் என்றால், அடுத்து நின்றுகொண்டே எரிவதைப் பார்க்கவேண்டும். இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின் ஐடிலில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை தேங்கும் நாளில், பின்னால் மாட்டும் சின்ன வண்டிகளும் எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன. தினம் 60 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, லிட்டருக்கு 12 என்றால் 5 லிட்டர் போதும். இரண்டு மணி நேரம் ஐடிலில் நின்றால் இன்னொரு 1.2 லிட்டர். கணக்கு 9.7-க்கு வந்துவிட்டது, வண்டியில் ஒரு பழுதும் இல்லை.

இப்போது அந்த உப்புத் தண்ணீருக்கு வருவோம்; அது பிரேக்கைத் துருப்பிடிக்க வைக்கும். வடசென்னையில் மேடு என்றால் மேம்பாலந்தான். மற்றபடி தரை சமம். மலை ஏறியதால் மைலேஜ் போச்சு என்ற சாக்குக்கு இங்கே இடமில்லை. சமதரையில் வண்டி கனமாக ஓடினால் பெரும்பாலும் ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது என்று பொருள். அந்தப் பிடிப்பு வெறும் 10 கிலோ இழுவை அளவுக்கு, அதாவது 100 நியூட்டன் இருந்தாலும் கிலோமீட்டருக்கு 9 மில்லி டீசல் கூடுதலாகப் போகும். 60 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கும் மேல். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரத்தின் பிரேக் டிரம்மில் 800 வாட்டுக்கு மேல் சூடு கிளம்பும். டிரம்முக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியை எரியவிட்ட மாதிரி. மேலே சொன்ன ஐடிலையும் இதையும் கூட்டினால் நாளுக்கு 6.75 லிட்டர், அதாவது லிட்டருக்கு 9. இன்ஜெக்டரைத் தொடாமலேயே 12-லிருந்து 9-க்கு வந்துவிட்டோம்.

அந்தச் சூடே துப்பும் தரும். ஐந்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் சில சொட்டு தண்ணீர் விடுங்கள். மூன்றில் வழிந்து, ஒன்றில் மட்டும் சுர்ரென்றால் குற்றவாளி அதுதான். கையை நேராக வைக்க வேண்டாம், தோல் உரிந்துவிடும். பிறகு முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, நியூட்ரலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகினால், அந்தச் சக்கரத்தில் பிரேக் ஆயிலுக்குள் புகுந்த ஏரை எடுக்கும் நிப்பிளை லேசாகத் தளர்த்துங்கள். கொஞ்சம் பிரேக் ஆயில் பீய்ச்சி உடனே சக்கரம் இலகுவாகிவிட்டால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது: ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கும், அல்லது பெடலில் ஃப்ரீ பிளே (சும்மா அசையும் இடைவெளி) இல்லாமல், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும். நிப்பிளைத் தளர்த்தியும் இறுக்கம் போகவில்லை என்றால் கோளாறு இரும்பில்: உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாத ஹேண்ட் பிரேக் கேபிள், அளவுக்கு மேல் டைட் வைத்த பிரேக் ஷூ, முன்பக்கமானால் டிஸ்க் பிரேக்கைப் பிடிக்கும் கேலிப்பரின், உப்பேறி நகராத பின். துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் விட்டால் ஒரு வாரம் வரும், மாற்றுவதுதான் மருந்து. கேலிப்பர் பின்னுக்குச் சாதாரண கிரீஸ் ஆகாது, அது ரப்பர் உறையை ஊதவைத்து மறுபடி இறுக்கும். சிலிக்கான் கிரீஸ் வேண்டும். வேலை முடிந்ததும் ஏர் எடுக்காமல் வண்டியை வெளியே விடக்கூடாது.

டயர் காற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வண்டியில் ஒட்டியிருக்கும் அளவைக் காலையில், டயர் சூடாகும் முன் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான். டயர் பட்டனின் (ரோட்டில் படும் வெட்டுகளின்) மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் இருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) போய்விட்டது, டயர் ரோட்டில் தேய்ந்து இழுபட்டுக்கொண்டு வருகிறது.

எஞ்சின் பக்கம் வந்தால் முதலில் தெர்மோஸ்டாட். ‘நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு’ என்று கழற்றிப் போடும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தப்பு. 80 டிகிரிக்கு மேல் கூலன்ட் சூடாகும் வரை ரேடியேட்டருக்கு வழிவிடாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடும். ஆயில் கெட்டியாகவே இருக்கும், சிலிண்டர் சுவர் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவோ ‘எஞ்சின் இன்னும் சூடாகவில்லை’ என்று டீசலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும். சோதனைக்குக் கருவி வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ச்சியாக இருந்து, பிறகு சட்டென்று சுடவேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை விதி) வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் இருந்தால் இதே கோளாறு இரண்டாவது அடியும் கொடுக்கும். கரியை எரித்துத் தள்ள அந்த ஃபில்டருக்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைத் தானே செலவழிக்கும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராவிட்டாலோ, பாதியில் அணைத்துவிட்டாலோ வேலை முடியாது. மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி டீசல். எரியாத டீசல் ஆயிலில் இறங்கி, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் அதுவே அடையாளம். ‘ஆயில் குறையவே இல்லை’ என்று சந்தோஷப்படாமல் உடனே மாற்றுங்கள். தண்டையார்பேட்டைக்கும் மணலிக்கும் இடையே மட்டுமே உருளும் வண்டியை, டிபிஎஃப் விளக்கு எரிந்த உடனே மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் ஏற்றி, இருபது நிமிடம் சீரான வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரை மாற்றுவது எளிது, பலரும் செய்கிறார்கள். விட்டுப்போவது, காற்றை அழுத்தும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ். கிளிப் அருகே எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் அங்கே வெடிப்பு இருக்கும். அழுத்திய காற்று வெளியே போக, டிரைவர் இழுவைக்காக இன்னும் மிதிப்பார்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் இன்ஜெக்டர். காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயான ரெயிலிலிருந்து டீசல் போகும் வகை) நான்கு இன்ஜெக்டரிலும் மீதி டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, நான்கு ஒரே மாதிரி பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓடவிட வேண்டும். ஒன்றில் மட்டும் மற்றவற்றைப் போல் இரண்டு மடங்கு நிறைந்தால் அது தேய்ந்துவிட்டது. ரிட்டர்ன் பக்கம் அழுத்தம் குறைவு. ஆனால் ரெயில் பக்கக் குழாயை எஞ்சின் ஓடும்போது தளர்த்தவோ, கசிவை விரலால் தடவிப் பார்க்கவோ கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். நான்கு பாட்டிலும் ஒரே மட்டத்தில் நின்றால் இன்ஜெக்டரை விட்டுவிட்டு, ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது, டேங்க் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.