இரவில் இறங்கும் வெயில்

மே மாதம், இரவு பத்து மணி. மாடி அறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் அனல்தான் இறங்குகிறது. வெயில் சாய்ந்து வெகுநேரமான பிறகு இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட் தளத்திலிருந்து.

ஐந்து அங்குலக் கனமுள்ள தளத்தில் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 300 கிலோ எடை இருக்கும். அது 10 டிகிரி சூடேற, முக்கால் யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையின் கூரை என்றால் ஏழு யூனிட். உச்சி வெயிலின் சூடு தளத்தின் அடிப்பக்கம் வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகு இரவு நெடுக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக நம் உடம்பில் விழும். விசிறி காற்றைத்தான் அசைக்கும். கதிரை என்ன செய்யும்?

இத்தனை காலம் நம்மைக் காப்பாற்றியது இரவுதான். தளத்தின் மேற்பக்கம் வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டு, விடிவதற்குள் ஓரளவு ஆறிவிடும். புவி சூடேற ஏற, இரவின் வெப்பநிலையும் ஏறுகிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றிலுள்ள நீராவி, மேலே போகும் கதிரை உறிஞ்சிக் கீழேயும் திருப்பி அனுப்புகிறது. நேற்றைய சூடு தீருமுன் இன்றைய வெயில் ஏறிக்கொள்கிறது. பகலில் எத்தனை டிகிரி என்றே எல்லோரும் பேசுகிறோம். வீட்டுக்குள் இருப்பவருக்கு இரவின் கணக்குதான் முக்கியம் என்பேன்.

ஏசி, அறையின் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. வெளியே சூடு கூடினால் அதற்கு மின்சாரமும் கூடுதலாக வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வாழ்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. அவர்களை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தெலங்கானா 2023-இல், வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே கொள்கை வகுத்தது.

வெப்பம் தளத்துக்குள் நுழையும் முன்பே தடுப்பதுதான் சரியான வழி. வெறும் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். நம் கொத்தனார்கள் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் அடித்து, தட்டோடுகளைப் பதித்தது மழைக்கு மட்டுமல்ல. அதிலுள்ள காற்றுத் துளைகள் வெப்பத்தையும் தாமதப்படுத்தும். செலவு மிச்சமென்று அதை விடுவது பெரிய தவறு. வெப்பக் காப்புப் பலகையையும் தளத்தின் மேலேதான் வைக்க வேண்டும். அடியில் ஒட்டினால் கான்கிரீட் வெயிலில் விரிந்து சுருங்கி விரிசல் விடுவது நிற்காது.

வெள்ளைப் பூச்சில் தூசி படிந்தால் பலன் குறையும். பங்குனி பிறக்குமுன் ஒரு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.