மூன்று நாள் காய்ச்சலும் வீங்கிய ஒற்றை மூட்டும்

துருக்கி, ஆர்மீனியா, இஸ்ரேல், அரபு நாடுகள் ஆகிய இடங்களில் குழந்தை மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு காய்ச்சல் உண்டு. கிருமித் தொற்று எதுவும் இல்லாமலே அது வரும். அரை நாள் முதல் மூன்று நாள் வரை காய்ந்துவிட்டுத் தானாகவே இறங்கிவிடும். சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து மீண்டும் வரும். மத்தியதரைக் கடல் பரம்பரைக் காய்ச்சல் என்று பெயர்; மருத்துவர்கள் சுருக்கமாக எஃப்.எம்.எஃப். என்பார்கள். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது.

காய்ச்சலோடு வயிறோ நெஞ்சோ கடுமையாக வலிக்கும் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மூட்டுக்கும் தசைக்கும் என்ன நேர்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் பல பிள்ளைகளுக்கு நோயின் முதல் அடையாளமே கால்வலிதான்.

பெரும்பாலும் ஒரே ஒரு மூட்டுதான் வீங்கும்: முழங்கால், கணுக்கால், இல்லையென்றால் இடுப்பு. ஒரே நாளில் வலி உச்சத்தைத் தொட்டுவிடும். காலை ஊன்ற முடியாது. ஊசி வைத்து மூட்டுத் திரவத்தை எடுத்துப் பார்த்தால், ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் ஒரு லட்சத்தையும் தாண்டியிருக்கக்கூடும். அத்தனையும் பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற வகை. சீழ் பிடித்த மூட்டில்தான் இப்படி இருக்கும் என்பதால் மருத்துவர் பாக்டீரியாவைத் தேடுவார், தேடவும் வேண்டும். எதுவும் வளராது. ஒரு வாரத்துக்குள் வீக்கம் வடிந்துவிடும். எக்ஸ்ரேயில் மூட்டு சேதமின்றித் தெரியும்.

இந்த நோயாளிகளை மிகவும் வாட்டுவது, வலியைப் பிறர் நம்பாததுதான் என்று நினைக்கிறேன். தாக்குதல் ஓய்ந்த பிறகு மருத்துவமனைக்குப் போனால் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இயல்பாக இருக்கும். முடக்குவாதத்துக்குரிய எதிர்ப்பொருள்களும் இருக்காது. பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறான் என்பார்கள். வளரும் வயதில் வரும் வலி என்பார்கள். தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவு செய்து ஆண்டுக்கணக்கில் பெனிசிலின் ஊசி போடப்பட்ட பிள்ளைகளும் உண்டு.

இதற்கெல்லாம் காரணமான மரபணு 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகத் தேடி ஒரே ஆண்டில் அதை எட்டின. 16ஆம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணு, பைரின் என்ற புரதத்தைச் செய்கிறது. நியூட்ரோஃபில்களுக்குள் இருக்கும் பைரினின் வேலை கிருமியை நேரடியாகத் தேடுவதல்ல. செல்லுக்குள் ரோ-ஏ என்று இன்னொரு புரதம் இருக்கிறது. பல பாக்டீரியாக்களின் நச்சுகள் முதலில் அதைத்தான் முடக்கும். ரோ-ஏ ஒழுங்காக இயங்கும்வரை பைரின்மீது பாஸ்பேட் துணுக்குகள் ஒட்டியிருந்து அதை அடக்கி வைத்திருக்கும். ரோ-ஏ முடங்கினால் துணுக்குகள் கழன்றுவிடும், பைரின் விழித்துக்கொள்ளும். பின் இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சித் தூதுப்பொருள் வெளியேறும். காய்ச்சலை ஏற்றுவதும், மேலும் நியூட்ரோஃபில்களை மூட்டுச் சவ்வுக்கும் வயிற்றுச் சவ்வுக்கும் வரவழைப்பதும் அதுதான்.

எஃப்.எம்.எஃப். உள்ளவர்களிடம் இந்தப் பைரின் சற்றே மாறியிருக்கிறது. கொக்கி தளர்ந்த கதவு காற்றுக்கே திறந்துகொள்வதுபோல, நச்சு எதுவும் வராமலே அது இயங்கத் தொடங்கிவிடுகிறது. மாற்றங்கள் பல உண்டு. அவற்றில் எம்694வி என்ற மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு மூட்டுத் தாக்குதல் அதிகம், நோயும் கடுமை.

இவ்வளவு துன்பம் தரும் மாற்றம் அந்த மக்களிடம் ஏன் இத்தனை பரவலாக நிலைத்திருக்கிறது? 2020இல் வெளியான ஓர் ஆய்வு பிளேக் நோயைக் காரணமாகக் காட்டியது. பிளேக் பாக்டீரியா ரோ-ஏவை முடக்கும். ஆனால் கூடவே ஒரு புரதத்தைச் செலுத்திப் பைரினை விழிக்கவிடாமல் அமுக்கிவிடும். மாறிய பைரினை அந்தப் புரதத்தால் அவ்வளவு எளிதாக அமுக்க முடிவதில்லை. ஆகவே மாறிய மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் பெற்றவர்கள் பிளேக்கில் தப்பிப் பிழைத்திருக்கக்கூடும். எலிகளிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகளின் முழங்கால் வலி, முன்னோர் உயிர்பிழைத்ததற்கான விலையாக இருக்கலாம் என்பதை எண்ணினால் எனக்கு மனம் கனக்கிறது.

மருந்து 1972இல் தெரியவந்தது. மூட்டில் யூரிக் அமிலம் படிந்து வலிக்கும் கௌட் நோய்க்குக் கொடுக்கப்பட்டு வந்த கால்ச்சிசின் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் தாக்குதல்கள் வருவதே குறைகிறது என்று அமெரிக்காவிலும் துருக்கியிலும் கண்டார்கள். செல்லுக்குள் உள்ள நுண்குழாய்கள் அமைவதை அது தடுக்கிறது. பைரின் மற்ற புரதங்களோடு சேர்ந்து இயங்கும் கூட்டமைப்பு உருவாகவும், நியூட்ரோஃபில்கள் நகரவும் அந்தக் குழாய்கள் தேவை. சிறுநீரகத்தில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும் ஆபத்தையும் இந்த மாத்திரைதான் தடுத்தது. அதற்கு முன் எஃப்.எம்.எஃப். நோயாளிகளின் உயிரைப் பறித்தது பெரும்பாலும் இந்தப் படிவுதான்.

கால்ச்சிசின் நம் ஊருக்கும் சொந்தம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையில் அது நிறைய இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள் அதைப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். விதை மருந்துத் தயாரிப்புக்காக வெளிநாடு போகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கையோ விதையையோ வாயில் வைத்துவிடக் கூடாது. அளவு சிறிது மீறினாலும் உயிர் போகும், போயிருக்கிறது.

தசை வலிக்கு வருகிறேன். அதில் ஒன்று, நெடுநேரம் நின்றாலோ நடந்தாலோ மாலையில் கெண்டைக்காலில் வருவது. சில மணி நேரமோ இரண்டு மூன்று நாளோ இருந்துவிட்டு ஓய்வெடுத்தால் போய்விடும். இன்னொன்று அரிது, ஆனால் கொடியது. காய்ச்சலோடு கால்களும் கைகளும் ஆறு முதல் எட்டு வாரம் வரை வலிக்கும், தொட்டாலே துடிப்பார்கள். இஸ்ரேல் மருத்துவர்கள் 1994இல் இதைத் தனி நிலையாக விவரித்தார்கள். இவ்வளவு வலியிலும், தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.கே. நொதி இயல்பாகவே இருக்கும். கால்ச்சிசின் இதைத் தணிக்காது. ஸ்டீராய்டு கொடுத்தால் விரைவில் அடங்கும். சி.கே. ஏறி, தசை வலுவிழந்தால் மருந்தையே சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளைச் சேர்த்து எடுப்பவர்களுக்கும் கால்ச்சிசினே தசையைக் கெடுக்கும்.

எல்லா மூட்டும் ஒரு வாரத்தில் தேறிவிடுவதில்லை. ஏறக்குறைய நூற்றில் ஐந்து பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ வீக்கம் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. இடுப்பு மூட்டு தேய்ந்து, மாற்று அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. கால்ச்சிசினுக்கு அடங்காதவர்களுக்கு இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் அனாகின்ரா, கனகினுமாப் ஊசிகள் இருக்கின்றன. விலைதான் பெரும் தடை.

கிருமியின்றியே அழற்சி எழும் இதே வகையைச் சேர்ந்த வேறு காய்ச்சல்களில் வலியின் நடத்தையே வேறு. 1982இல் ஐரிஷ்-ஸ்காட்டிஷ் வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் முதலில் விவரிக்கப்பட்ட டிராப்ஸ் நோயில், தொடையிலோ கையிலோ தசை வலி தொடங்கி நாளாக நாளாகக் கீழ்நோக்கி நகரும். அதன் மேல் தோலில் ஒரு சிவந்த திட்டும் கூடவே நகரும். திசுவை எடுத்துப் பார்த்தால் அழற்சி பெரும்பாலும் தசையில் இருக்காது. தசையைப் போர்த்தியிருக்கும் உறையில் இருக்கும். தாக்குதல் ஒரு வாரம் முதல் பல வாரங்கள் வரை நீளும்.

பிறந்த சில வாரங்களிலேயே தோல் தடிப்பும் காய்ச்சலுமாகத் தொடங்கும் நோமிட் நோயில் மூட்டு வீங்குவதோடு நிற்பதில்லை. முழங்கால் சில்லும் அதையொட்டிய எலும்பின் வளர்ச்சித் தட்டும் தாறுமாறாகப் பருத்து, குழந்தையின் காலையே கோணலாக்கிவிடும். அனாகின்ரா ஊசி காய்ச்சலையும் தடிப்பையும் சில நாள்களிலேயே நிறுத்திவிடுகிறது. ஏற்கெனவே பருத்துவிட்ட எலும்பை அது திருப்பிச் சுருக்குவதில்லை. அதனால்தான் நோய் உறுதியானவுடன், கைக்குழந்தைப் பருவத்திலேயே ஊசியைத் தொடங்கிவிட மருத்துவர்கள் அவசரப்படுகிறார்கள்.