காருக்குள் ஸ்பீக்கர்போன்: கை ஸ்டியரிங்கில், கவனம் எங்கே?

லைசன்ஸ் கைக்கு வந்த பிறகு என் மாணவர்கள் டயரைப் பற்றியோ எஞ்சின் ஒயிலைப் பற்றியோ கேட்பது குறைவு. "சேர், காருக்கு எந்த ஸ்பீக்கர்போன் வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். போனைக் கையில் எடுக்காமல் புளூடூத் வழியாகப் பேச உதவுகிற சின்னக் கருவி அது. கொழும்பில் கார் ஓடப் பழக்குகிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போய்விட்டது. வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறேன்.

இங்கே இதற்குத் தேவை இருப்பது உண்மைதான். நம் வீதிகளில் ஓடும் விட்ஸ், அக்வா, வேகன் ஆர் போன்ற கார்களில் கணிசமானவை ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை. டாஷ்போர்டின் நடுவில் அழகான செட் இருக்கும். அதில் புளூடூத்தும் இருக்கலாம். ஆனால் திரை முழுக்க ஜப்பானிய எழுத்து, பல செட்டுகளில் மொழியை மாற்றவும் வழி இல்லை. போனை இணைக்கப் போய் ஜப்பான் வரைபடத்தில் நின்றவர்கள் நிறையப் பேர். அப்புறம்தான் தலைக்கு மேலே சன் வைசரில் கிளிப் போட்டு மாட்டுகிற சின்ன ஸ்பீக்கர்போனைத் தேடிப் போகிறார்கள்.

அதை மாட்டும் இடம் முக்கியம். டாஷ்போர்டில் வைத்தால் ஏசி காற்று நேராக மைக்கில் அடிக்கும். மறுமுனையில் இருப்பவருக்குப் புயல் வீசுவது போலத்தான் கேட்கும். வைசரில் மாட்டினால் வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு முழத் தூரம்தான். மின்விசிறியையும் ஒரு படி குறைத்துவிடுங்கள். ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போனால், எதிரொலியை அடக்கும் வேலையைக் கருவியால் சரியாகச் செய்ய முடியாது. பேசுகிறவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கும். மலிவான கருவிகளில் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் ஒருவருடைய பேச்சு அறுந்துவிடும். வட்ஸ்அப், வைபர் அழைப்புகளில் இணையத் தாமதமும் சேர்ந்துகொள்ளும். "அலோ, கேக்குதா? கேக்குதா?" என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில் முன்னால் போகும் பஸ் பிரேக் அடித்திருக்கும். அதனால் வாங்குவதென்றால் குரல் தெளிவாகக் கேட்பதாகப் பார்த்து வாங்குங்கள். பளபளப்பும் வண்ண விளக்கும் வேண்டாம்.

இன்னொன்று, வெயில். உள்ளே இருப்பது லிதியம் பேட்டரி. மதிய வெயிலில் மூடி நிறுத்திய காரின் கண்ணாடியோரம் அது நாள் முழுக்கத் தொங்கினால் சீக்கிரம் பழுதாகும். இறங்கும்போது கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது குறைந்தது டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வையுங்கள். போனோடு இணைக்கும் வேலையைக் கார் கியரில் விழுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். காதுக்குள் செருகும் இயர்பட்ஸை விட இது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் 1990 என்ற எண்ணுக்கு எடுத்தால் வருகிற அம்புலன்ஸின் சைரனும் கேட்காது, பக்கத்தில் நுழையும் ஆட்டோவின் ஹோர்னும் கேட்காது.

சரி, கருவியைப் பற்றி இவ்வளவு போதும்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் பொலிஸ் பிடிக்கும். அது எல்லோருக்கும் தெரியும். அதனால் கை போனில் இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. ஸ்பீக்கர்போன் வாங்கியவர்கள் முன்பு எடுக்காத அழைப்புகளையும் எடுக்கத் தொடங்குகிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான்.

1997இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகக் கனடாவின் ரொறன்ரோவில் டொனால்ட் ரெடல்மையர், ராபர்ட் டிப்ஷிராணி என்ற இரு ஆய்வாளர்கள் விபத்தில் சிக்கிய 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். போன் பாவிக்கும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு கூடியிருந்தது. கையில் பிடிக்காமல் பேசுகிற கருவி வைத்திருந்தவர்களுக்கு அதில் எந்தச் சலுகையும் கிடைத்ததாகத் தெரியவில்லை. இது நேற்று வந்த செய்தி அல்ல. இந்த வைசர் கருவிகள் எல்லாம் கடைக்கு வருவதற்கு முன்பே சொல்லப்பட்டது.

ஏன் அப்படி என்பதை நான் பக்கத்துச் சீட்டில் இருந்தே பார்க்கிறேன். பேச்சு தொடங்கியதும் முதலில் நிற்பது கண்ணாடி பார்க்கும் பழக்கம். பக்கக் கண்ணாடிகளுக்குப் போய் வந்துகொண்டிருந்த கண்கள் நேரே முன்னால் நிலைகுத்தி விடும். அடுத்து வேகம், காரணமில்லாமல் குறையும், பிறகு காரணமில்லாமல் கூடும். தான் பேசிக்கொண்டு நன்றாகத்தான் ஓடினேன் என்று ஓடியவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஏற்கெனவே லைசன்ஸ் உள்ள ஒருவர், அலுவலகப் பாதையை என்னோடு சேர்ந்து ஓடிப் பழக வந்திருந்தார். மரைன் டிரைவில் வெள்ளவத்தைப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். தன்னுடைய ஸ்பீக்கர்போனை எங்கள் காரிலேயே மாட்டியிருந்தார். மகன் எடுத்தான்.

"அம்மா, என்ர ரிப்போட்டை எங்க வச்சனீங்கள்?"

"அலுமாரியில பாரப்பன்."

"இல்லையே."

"ரெண்டாவது தட்டு. நீலக் கோப்புக்குக் கீழ."

இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் வீதியில். பாதசாரிக் கடவையில் குடையோடு ஒரு முதியவர் காலை எடுத்து வைத்துவிட்டார். பழக்கும் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது, அதை மிதித்தேன். கார் நின்ற பிறகுதான் அந்த அம்மா, "இவர் எங்கயிருந்து வந்தவர்?" என்று கேட்டார். முதியவர் எங்கிருந்தும் திடீரென்று வரவில்லை. கடற்பக்க நடைபாதையில் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் கண் அவர் மீது பட்டும் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் மனம் பார்த்துக்கொண்டிருந்தது வீட்டு அலுமாரியின் இரண்டாவது தட்டை.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது. கார் ஓடுவது போலவே அமைத்த சிமுலேட்டர் இயந்திரத்தில் உட்காரவைத்து, கண் எங்கே பார்க்கிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியவர்கள், தங்கள் கண் நேராகப் பதிந்த விளம்பரப் பலகைகளைக்கூடப் பிறகு அடையாளம் சொல்லத் திணறினார்கள். பார்த்தது மனதில் பதியவே இல்லை. என் அனுபவத்தில் மிக மோசமானவை இடத்தையும் பொருளையும் மனதில் படமாக விரிக்கவைக்கிற கேள்விகள். "கேஸ் புத்தகம் எங்கே", "அந்தக் கடைக்கு எப்படிப் போவது" மாதிரியானவை. "பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்பதற்கு "ஓம்" என்றால் முடிந்தது. இரண்டும் ஒன்றல்ல.

மணிக்கு 50 கிலோமீற்றரில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர் போகிறோம். அதிவேகப் பாதையில் 100இல் போனால் அது 28 மீற்றர். அலுமாரித் தட்டை மனதில் பார்க்க மூன்று விநாடி பிடித்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"பக்கத்தில் இருப்பவரோடு பேசினாலும் இதே கதைதானே?" என்று கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு வீதி தெரிகிறது. பொரளைச் சந்தியில் பஸ் குறுக்கே வந்தால் அவரே பேச்சை நிறுத்திவிடுவார், சில வேளை "கவனம், கவனம்" என்று கத்தவும் செய்வார். 2008இல் வந்த இன்னொரு ஆய்வில், பேசிக்கொண்டே ஓடி ஒரு குறித்த இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு வெளியேறச் சொன்னார்கள். போனில் பேசியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். பக்கத்தில் ஆள் இருந்தவர்களில் பெரும்பாலானோர் சரியாகவே திரும்பினார்கள். போனில் இருப்பவருக்கு உங்கள் வீதி தெரியாது. நீங்கள் பதில் சொல்லத் தாமதித்தால் இன்னொரு தடவை கேட்பார்.

வெள்ளவத்தைத் தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு பிரச்சினை இருக்கிறது. வெளிநாட்டு உறவுகள். கொழும்பில் மாலை 5.30க்குக் காலி வீதி அடைத்துக்கொண்டு நிற்கும்போது லண்டனில் கோடைகாலத்தில் பிற்பகல் 1 மணி, குளிர்காலத்தில் 12 மணி. மதிய சாப்பாட்டு இடைவேளை. ரொறன்ரோவில் காலை 8 அல்லது 7, வேலைக்குப் போகும் நேரம். அண்ணன், மச்சாள், சித்தி என்று எல்லோருக்கும் ஓய்வு கிடைப்பது, நம் வீதியில் நெரிசல் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தில். "எப்ப எடுத்தாலும் ஓடிக்கொண்டுதான் நிக்கிறாய்" என்று குறை வேறு. பேசுகிற விஷயமும் சின்னதாக இராது: காணி, கலியாணம், அம்மாவின் சத்திரசிகிச்சை.

என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓடும்போது எடுத்தே ஆக வேண்டுமென்றால் "ஓடிக்கொண்டிருக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி வையுங்கள். அதற்கு மேல் பேச்சு வளர்ந்தால் நிறுத்த இடம் தேடுங்கள். காலி வீதியோரத்தில் சடாரென்று நிறுத்துவது ஒரு ஆபத்தை விட்டு இன்னொன்றைப் பிடிப்பது. பெற்றோல் செட்டுக்குள்ளோ சுப்பர் மார்க்கெட் தரிப்பிடத்துக்குள்ளோ திருப்புங்கள். தெற்கு அதிவேகப் பாதையில் ஓரத்தில் நிற்கவே வேண்டாம், வெலிப்பென்ன ஓய்விடம் வரை அழைப்பு காத்திருக்கும். போனில் ஓட்டும் நேரத்துக்கான தொந்தரவு தடுப்பைப் போட்டுவையுங்கள். ஐபோனில் அதை இயக்கி, தானியங்கிப் பதில் யாருக்குப் போக வேண்டும் என்றும் தெரிவுசெய்துவிட்டால், அவர்கள் செய்தி அனுப்பும்போது நீங்கள் தமிழில் எழுதிவைத்த பதிலே தானாகப் போகும்.

கார் வைத்து ஆளை ஓடவிடுகிற முதலாளிமாருக்கும் ஒரு சொல். "எங்க நிக்கிறாய்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாரதியைக் கேட்பதால் வாகனம் வேகமாக வந்துவிடாது. போனிலேயே இருக்கிற இடத்தைப் பகிரச் சொல்லிவிட்டு வரைபடத்தில் பாருங்கள்.

வட்ஸ்அப்பில் எடுக்கும் லண்டன் அண்ணனுக்கு அந்தத் தானியங்கிப் பதிலை நம்பியிருக்க முடியாது. நீங்களே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். இங்கே இரவு 10 மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள். அங்கே அப்போது பின்னேரம் 5.30, குளிர்காலமென்றால் 4.30. அவர் வேலை முடிந்து காரில் ஏறியிருக்கவும் கூடும். அதையும் முதலில் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.