விட்டதைப் பிடிக்க ஓடாதீர்கள்

டிசம்பர் பிறந்தால் சென்னையில் என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளுக்கு வேலை கூடிவிடும். ஜனவரி மாரத்தானுக்காக ஓட்டக்காரர்கள் ஆகஸ்டிலேயே பயிற்சியை ஆரம்பித்திருப்பார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும், தீபாவளி வரும், விருந்தாளிகள் வருவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அட்டவணையில் பாதிக் கட்டங்கள் காலியாகிவிடும். மழை விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, போன வாரம் ஓடாததையும் சேர்த்து ஓடிவிட்டு, புதன்கிழமை முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வருவார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், "விட்டதைப் பிடிக்கணும்ல மேடம்" என்பார்கள்.

ஓடாமல் இருந்த பத்து நாளில் இவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஈடுகட்ட ஓடிய அந்த ஒரு ஞாயிறுதான் வம்பு. 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை 18 மாதங்கள் பின்தொடர்ந்து இதையே சொன்னது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டி ஓடியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு தெளிவாக உயர்ந்தது. இரண்டு மடங்குக்கு மேல் ஓடியவர்களுக்கு அந்த வாய்ப்பும் இரண்டு மடங்கைத் தாண்டியது. வாரக் கணக்கில் எவ்வளவு கூடியது என்பதைவிட, ஒரே ஓட்டத்தில் எவ்வளவு கூடியது என்பதே முக்கியமாக இருந்தது. வாரம் 30 கிலோமீட்டர் என்ற கணக்கை முடிக்க ஞாயிறன்று 18 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, ஓடாவிட்டால் எவ்வளவு போய்விடும்? 1984-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினார்கள். முதல் மூன்று வாரங்களில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 7 சதவீதம் குறைந்தது. அதாவது ஒரு வாரம், பத்து நாள் விட்டவருக்கு இழப்பு சொற்பம்தான். திரும்பி வரும் முதல் நாள் மூச்சு வாங்குவதற்குப் பெரும்பாலும் ரத்தத்தில் நீர்ப்பகுதி சற்றுக் குறைந்திருப்பதே காரணம். சில ஓட்டங்களிலேயே அது சரியாகிவிடும்.

ஆனால் இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. நுரையீரலும் இதயமும் சீக்கிரம் திரும்பிவிடும். தசைநாண்களும் எலும்பும் பாரத்துக்குப் பழக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூச்சு வாங்கவில்லை, அதனால் ஓடலாம் என்று நினைப்பவரின் கால் எலும்பு அந்த முடிவுக்கு ஒப்புக்கொண்டிருக்காது. இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்களிடம் நான் சொல்வது இது. ஒரு வாரத்துக்குள் என்றால், விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடருங்கள். தவறிய ஓட்டங்களை மறந்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் என்றால், பழைய தூரத்தில் பாதியில் தொடங்குங்கள், வேகப் பயிற்சி வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் என்றால், நடந்து ஓடி, நடந்து ஓடித்தான் வர வேண்டும். முன்பு எத்தனை மாரத்தான் முடித்திருந்தாலும் சரி.

இடைவெளியே விழாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்பார்கள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தொடர் ஆய்வுகள் இதற்கு நல்ல பதில் தருகின்றன. வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களில் ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு நாளாகக் குறைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு நாட்களைக் குறைக்காமல், நேரத்தை மட்டும் நாளுக்கு 13 நிமிடமாகக் குறைத்தார்கள். தீவிரம் மட்டும் குறையாமல் இருந்தவரை, பதினைந்து வாரங்கள் கழித்தும் ஆக்சிஜன் திறன் ஏறக்குறைய அப்படியே நின்றது. நீண்ட தூரம் தாக்குப்பிடிக்கும் திறன் மட்டும் 13 நிமிடக் குழுவில் குறைந்தது. ஆக, வீட்டில் விசேஷம், ஆபீஸில் டெட்லைன் என்று போகிற மாதத்தில் வாரம் இரண்டு நாள், அல்லது நாளுக்குப் பதினைந்து நிமிடம், வேகம் குறையாமல் ஓடினால் கையிலிருப்பதைப் பெரும்பாலும் தக்கவைத்துவிடும்.

இந்தப் பதினைந்து நிமிடத்தைப் பெண்களிடம்தான் அதிகம் வலியுறுத்துவேன். காலை ஐந்தரைக்கு ஓடப்போகும் ஆணுக்கு மழைதான் தடை. அதே வீட்டிலிருக்கும் பெண்ணுக்குப் பால் பாக்கெட், டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன், மாமியாரின் மாத்திரை, வெளிச்சமில்லாத தெரு, நாய்கள் எல்லாமே தடை. அவரிடம் போய் 'மன உறுதி வேண்டும்' என்று பேசுவது அபத்தம். வேன் கிளம்பிய பிறகு கிடைக்கும் இருபது நிமிடமோ, சாயங்காலம் பிள்ளை டியூஷனில் இருக்கும் நேரமோ, கிடைத்த இடத்தில் ஓடிக்கொள்ள வேண்டியதுதான். வாரத்தில் இரண்டு நாள் காலை டிபனைக் கணவர் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதை நான் ஆலோசனையாகவே எழுதித் தருவதுண்டு.

மழைநாளில் மொட்டை மாடி நல்ல மாற்றுதான், பாசி இல்லாவிட்டால். சின்ன மாடியில் ஒரே பக்கம் சுற்றினால் திருப்பத்தில் ஒரு காலுக்கே பாரம் ஏறும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் மட்டும் ஓடவே வேண்டாம். பள்ளம் தெரியாது என்பது ஒன்று. காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக நுழையும் என்பது இன்னொன்று.

காய்ச்சல் இருந்தால் ஓட்டத்துக்கு விடுமுறை, இதில் பேரமே கிடையாது. வைரஸ் காய்ச்சலோடு ஓடினால் அரிதாக இதயத் தசையில் அழற்சி வரலாம். டெங்குவிலிருந்து மீண்டவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஷூவைத் தொட வேண்டாம். வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். உடம்புவலி, நெஞ்சுச்சளி என்றால் வேண்டாம். அப்புறம், ஓஎம்ஆர் பக்கம் ஐ.டி. கம்பெனிகளில் இரவு ஒரு மணிவரை அமெரிக்காவோடு ஃபோனில் பேசிவிட்டு ஐந்து மணிக்கு அலாரம் வைக்கும் தம்பிகளுக்கு: அன்றைக்குத் தூங்குங்கள்.

ஒரு நாள் விட்டால் பழக்கமே போய்விடும் என்ற பயம் பலருக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு புதிய செயல் தன்னிச்சையான பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்பது கணிப்பு. நடுவில் ஒரு நாள் தவறியது அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. வாட்ச் காட்டும் தொடர்நாள் எண்ணிக்கைக்காகக் காலில் வலியோடு ஓடுகிறவர்கள் அந்த நோட்டிஃபிகேஷனை அணைத்து வைப்பது நல்லது.

எந்த வலிக்கு உடனே வர வேண்டும்? ஓடும்போது காலின் முன் எலும்பு நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓய்வில் குறைந்தால் பயிற்சியைக் குறைத்துப் பார்க்கலாம். அதே எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், இரவில் படுத்த பிறகும் வலித்தால், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராக, அதாவது திரும்பத் திரும்ப ஏறும் பாரத்தால் எலும்பில் விழும் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே நார்மல் என்று மறுபடி ஓட ஆரம்பிக்காமல், எம்ஆர்ஐ தேவையா என்று அவரிடமே கேளுங்கள்.