அந்தரத்தில் சுழற்சி சேராது

காங்கேயம் பக்கம் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணற்றில், மோட்டார் ரூம் கூரைதான் குதிக்கும் மேடை. பெரியம்மா மகள் ஓடி வந்து கூரை விளிம்பை ஓர் உதை உதைப்பாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பல்டி. காலை நீட்டினால் தண்ணீர். நான் அடித்தால் முக்கால் பல்டியோடு சரி, முதுகு பளாரென்று தண்ணீரில் அறையும். "மேல போயிக் கையக் கால ஆட்டி என்னடா ஆகும்? கெளம்பும்போதே இருக்கோணும்" என்பாள்.

பாடப்புத்தகம் இதைக் கோண உந்தம் மாறாமை என்கிறது. பிடிமானத்தை விட்ட உடலுக்குச் சுழற்சியைக் கூட்டிக்கொள்ள வழியில்லை. கையில் உள்ளதை வேகமாகச் செலவழிப்பதா, மெதுவாகவா என்பதை மட்டும் தீர்மானிக்கலாம். உடம்பைச் சுருட்டினால், சுழலவிடாமல் தடுக்கும் நிலைமத் திருப்புத்திறன், நீட்டிய உடம்பில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். சுற்றும் வேகம் அந்த அளவுக்கு ஏறும்.

2016 ஆகஸ்ட் 14, ரியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் இறுதிப்போட்டி. ஓடி வந்து, ஸ்பிரிங் போர்டில் எம்பி, உயரமான மேசையில் கை ஊன்றிப் பாய்ந்து, பல்டியடித்துக் காலில் நிற்பதுதான் வால்ட். நம்மூரில் மணி இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. அம்மாவைப் பெற்ற அமுச்சிகூடத் தூங்கப் போகவில்லை. திரிபுராவின் தீபா கர்மாகர் இரண்டாவது முறையாக ஓடத் தயாராக நின்றார். அடிக்கப்போவது புரொடுனோவா. 1999இல் இதை முதலில் செய்துகாட்டிய ரஷ்ய வீராங்கனை யெலெனா புரொடுனோவாவின் பெயர் அது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தீபாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்ததும் இதே வால்ட்தான்.

ஓடுபாதை 25 மீட்டர். முடிவில் வேகம் நொடிக்கு ஏழு மீட்டருக்குப் பக்கம், அதாவது பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் போகிற வேகம். அந்த வேகத்தில் ஸ்பிரிங் போர்டில் கால் ஊன்றுகிறது. வரப்பு தடுக்கி விழுந்தவர்களுக்கு அடுத்து நடப்பது தெரியும்: கால் நின்றுவிடும், மேலுடம்பு நிற்காது, ஆள் முன்பக்கமாகக் கவிழ்வார். முன்சுழற்சி பிறப்பது அந்தத் தடுக்கலில்தான். போர்டின் ஸ்பிரிங் கூடவே மேலே தள்ளுவதால் முகம் தரையில் மோதுவதில்லை.

அடுத்தது மேசை. கை ஊன்றித் தள்ளும்போது சுழற்சி கூடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்கு நேர்மாறு. முன்பக்கமாகக் கையூன்றிப் பாயும் வால்ட்களில் அந்தத் தள்ளல் சுழற்சியில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது; பதிலுக்கு உயரத்தைக் கொடுக்கிறது. உயரம் என்றால் நேரம். கால் நொடிக்குள் முடிகிற பேரம் இது, அதனால் கை சரியான இடத்தில் பட்டாக வேண்டும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 125 செ.மீ. உயரம் இருக்க வேண்டிய வால்ட் குதிரையை (மேசைக்கு முன்பு இருந்த கருவி) 5 செ.மீ. தாழ்வாக வைத்துவிட்டார்கள். பாதிப் போட்டி முடியும்வரை யாரும் கவனிக்கவில்லை. உலகின் தேர்ந்த வீராங்கனைகள் வரிசையாகத் தடுமாறினார்கள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத வித்தியாசம்!

மேசையை விட்ட தீபாவின் உடம்பு தலைகீழாக இருக்கிறது. அங்கிருந்து காலில் வந்து நிற்க இரண்டரைச் சுற்று. கையில் இருப்பதோ ஒரு நொடிகூட இல்லை. அதனால்தான் முழங்காலை அப்படி இறுக்கிக் கட்டுகிறார். பின்பக்கமாகச் சுழல்பவர்களுக்குத் தரை முன்கூட்டியே கண்ணில் படும், அதைப் பார்த்து உடம்பை விரிக்கலாம். முன்பக்கச் சுழற்சியில் அந்த வசதி கிடையாது. எப்போது விரிப்பது என்பதை உடம்பு பழக்கத்தில்தான் சொல்லவேண்டும். சீக்கிரம் விரித்தால் சுற்று முடியாமல் முதுகு, தாமதித்தால் முகம்.

தீபா கால் பதித்தார். ஆனால் இடுப்பு கீழே, மெத்தையைத் தொடுமளவுக்கு இறங்கிவிட்டது.

"தண்ணியில்லாத கெணத்துல குதிச்ச மாதிரியல்லோ இருக்குது" என்றார் அமுச்சி.

அதுவேதான். கிணற்றில் வேகத்தைத் தண்ணீர் ஆழம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். இங்கே இருப்பது 20 செ.மீ. மெத்தையும் இரண்டு முழங்காலும். இரண்டு மீட்டர் இறங்கும் உடம்பைக் கடைசி 40 செ.மீ.க்குள் நிறுத்துவதாக வைத்துக்கொண்டால், சராசரி விசையே உடல் எடையைப்போல ஐந்து மடங்கு. உச்சம் அதற்கும் மேலே. அந்த ஆழமான குந்தல் நிறுத்தும் தூரத்தைக் கூட்டிக் கொடுத்தது, மூட்டுக்கு அது நல்லதுதான். நடுவர்கள் மூட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. கடினத்துக்கு 7.0 கிடைத்தது, செய்த விதத்துக்கு 8.266. இரண்டு வால்ட்களின் சராசரி 15.066, நான்காம் இடம். வெண்கலம் போனது 15.216க்கு.