மோஸ்தர் இருக்க நவநாகரிகம் எதற்கு?

மண்மேடுகளில் ஏறிக் குதித்து வித்தை காட்டும் சிறிய சைக்கிளான பிஎம்எக்ஸ் பற்றிய தமிழாக்கங்களில் ‘நவநாகரிகத்தின் தாக்கம்’ என்று படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. மூலத்தில் ‘ஃபேஷன்’ என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நவநாகரிகம். அது சலித்தால் ‘ஆடை அலங்காரம்’.

ஃபேஷனின் வேர் லத்தீனில் ‘செய்தல்’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘செய்யும் விதம்’ ஆகி, பிறகு ‘இப்போது எல்லாரும் செய்யும் விதம்’ ஆனது. உடுப்பு அதில் ஒரு பகுதிதான்.

ஆடை அலங்காரம் என்று எழுதுகிறவர் அந்த சைக்கிளைப் பார்த்தே இருக்க மாட்டார். 1970-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியச் சிறுவர்கள் மோட்டோகிராஸ் எனும் மண்பாதை பைக் பந்தய வீரர்களைப் பார்த்து, சுவின் ஸ்டிங்ரே சைக்கிள்களை மண்மேட்டில் ஏற்றினார்கள். அந்த வீரர்களைப் போலச் சட்டை போடுவதோடு நிற்காமல் ஹேண்டில்பாரில் எண் பலகையும் மாட்டிக்கொண்டார்கள். பிஎம்எக்ஸ் வீரரும் பின்னாளில் சைக்கிள் நிறுவனருமான பாப் ஹாரோவின் தொழிலே அந்தப் பலகைகளில்தான் தொடங்கியது. 1980-களில் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் நைலான் சக்கரங்கள். 1990-களில் நேர்மாறாகக் கறுப்பு ஃபிரேம், தொளதொளத்த கால்சட்டை. பிறகு பலர் பிரேக்கையே கழற்றி எறிந்தார்கள். ஏன் என்றால், ஹேண்டில்பாரைச் சுழற்றினால் பிரேக் கேபிள் சிக்கும் என்பார்கள். அதைத் தீர்க்கும் ‘ஜைரோ’ என்ற பாகம் 1980-களிலேயே வந்துவிட்டது. பிரேக்கைக் கழற்றினால் எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் பிரேக் உள்ள சைக்கிள் பழசாகத் தோன்றியதும் உண்மை. இல்லாத பிரேக்கை எந்த ஆடையில் சேர்ப்பது?

நவநாகரிகம் இன்னும் மோசம். ‘நாகரிகம்’ நகரத்தில் பிறந்து பண்பாட்டு உயர்வைச் சொல்லும் சொல். புழுதியில் குதிக்கும் பையனுக்கும் அதற்கும் என்ன உறவு? அதோடு ‘நவ’ வேறு. 1980-களின் மாடல்களையே கம்பெனிகள் இன்று திரும்பவும் விற்கின்றன; பழையது திரும்பி வந்தாலும் ஃபேஷன்தான். ‘புதுப்பாங்கு’ என்ற ஆக்கமும் இதே இடத்தில் இடறுகிறது.

நம்மிடம் மோஸ்தர் இருக்கிறது. ‘மாதிரி’ என்று பொருள்படும் போர்ச்சுகீசிய ‘மோஸ்த்ரா’விலிருந்து வந்தது. புடவைக்கும் நகைக்கும் வண்டிக்கும் கூச்சமில்லாமல் பொருந்தும். ‘புது மோஸ்தர்’, ‘பழைய மோஸ்தர்’ இரண்டும் சொல்லலாம். அது தமிழா என்று தூய தமிழ்க்காரர்கள் கேட்பார்கள். ஜன்னலும் சாவியும் அலமாரியும் அதே கப்பலில் வந்தவைதாம். ‘நவ’, ‘நாகரிகம்’ இரண்டும் வடமொழி என்பது மட்டும் இவர்கள் கண்ணில் படுவதில்லை.

மோஸ்தர் இளைஞர்களுக்குப் புரியாது என்று பயந்தால் ஃபேஷன் என்றே எழுதிவிடலாம். செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதுகின்றன. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லைத் தூக்கி ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?